வாடகைக்குத்தானே

"வாடகைக்குத்தானே விடப்போறோம், அதெல்லாம் எதுக்கு மேஸ்திரி?"

இதைச் சொன்னது நான்தான். சொன்ன இடம் ஒரு குளியலறை வாசல். எதிரே நின்ற மேஸ்திரி ரசமட்டத்தைத் தரையில் வைத்து, குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அப்போதுதான் கேட்டிருந்தார்: "பழைய டைல்ஸை உடைச்சு எடுத்துட்டு, அடியில வாட்டர்ப்ரூஃப் அடிச்சு, ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பார்த்துட்டு புதுசு ஒட்டிடலாமா சார்? இல்ல, பழசு மேலேயே ஒட்டிடவா?" முதல் வழிக்கு ஒரு வாரம் கூடுதலாகும். செலவு, அந்த வீட்டுக்கு வரக்கூடிய வாடகையில் முக்கால் மாதம் கூடும். நான் யோசித்தது அதிகம் போனால் ஐந்து நொடி. பழசின் மேலேயே ஒட்டச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை, "சரி சார்" என்றார். அந்தச் 'சரி'யில் குரல் கொஞ்சம் இறங்கியதோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு என் காதில் விழவில்லை.

மூன்றரை வருடம் கழித்து அதே வாசலில் நின்று, அதே தரையை உளி வைத்து உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஆன செலவைப் பிறகு சொல்கிறேன். செலவைவிட என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பது அந்த வாக்கியம், அதிலும் அந்த 'தானே'. இரண்டே எழுத்து. சின்னப் பையன்தானே, பழைய வண்டிதானே, ஒரு நாள்தானே. எதோடு ஒட்டினாலும் அதை ஒரு படி கீழே இறக்கி உட்கார வைத்துவிடும். அந்த வீட்டுக்கு நான் செய்ததும் செய்யாமல் விட்டதும் எல்லாம் இந்த 'தானே'யின் மேல்தான் நின்றன. அப்போது அதற்கு நான் வைத்திருந்த பெயர் சிக்கனம்.

கணக்கை மாத வாடகையில் போடுவது

நான் வாங்கியது பழைய வீடு. நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. விலை, அந்த வீட்டின் 132 மாத வாடகைக்குச் சமம். அதே சமயத்தில் பெரியம்மா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வேறொரு வீடு வாங்கினார். விலையும் வாங்கியதும் செய்த வேலையும் சேர்த்து அவர் போட்டது அவர் வீட்டு வாடகையில் 180 மாதம். தொகையாகச் சொல்லாமல் ஏன் மாதக் கணக்கில் சொல்கிறேன் என்றால், இத்தனை அடி வாங்கிய பிறகு எனக்கு வேறு எந்த அளவையும் பிடிப்பதில்லை. தொகை ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும். இந்தக் குழாய் எனக்கு எத்தனை நாள் வாடகை, இந்த ரிப்பேர் எத்தனை மாத வாடகை என்று கேட்டால் பதில் நேராக மண்டையில் இறங்குகிறது.

காகிதத்தில் நான் ஜெயித்திருந்தேன். 132 போட்டால் வருடத்துக்கு 12 வருகிறது, அதாவது 9.1 சதவீதம். அண்ணனுக்கு 180 போட்டு 12, அதாவது 6.7. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரிடமே காட்டினேன் என்பதை வெட்கத்தோடு இங்கே சேர்த்துக்கொள்கிறேன். "நீ கணக்குல புலிடா" என்று சிரித்தார். அதற்கப்புறமும் சந்திக்கும்போதெல்லாம் நான் ஒன்றைப் பெருமையாகச் சொல்வேன்: "என் வீட்டுக்குக் குடி வர்றவங்க தங்கமானவங்க அண்ணே. ஒரு போன்கூடப் பண்ண மாட்டாங்க." இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடம் முடிந்ததும் ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டினேன். நடுவில் வாடகை கொஞ்சம் ஏறியதைக் கணக்கில் சேர்க்கவில்லை, எளிதாக இருக்கட்டும். 48 மாதத்தில் வீடு காலியாகக் கிடந்தது 7 மாதம். நான்கு முறை ஆள் மாறியதில் தரகு மொத்தம் 2 மாதம். வரியும் கட்டடப் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்து 4 மாதம். ஒவ்வொரு முறை காலியானதும் அடித்த பெயிண்ட் 4 மாதம். குழாய், பூட்டு, சுவிட்ச், கதவுக் கீல், சிங்க் அடைப்பு என்று சில்லறைச் செலவு 5 மாதம். கடைசியாக அந்தக் குளியலறையும் கீழ் வீட்டுக் கூரையும் 6 மாதம். கூட்டினால் 28. மிச்சம் 20. வருடத்துக்கு 5 மாத வாடகை. 132 போட்ட இடத்தில் 5 என்றால் 3.8 சதவீதம். துண்டுச் சீட்டில் எழுதிய 9.1 எங்கே போனது என்று தேடினால், பாதிக்கு மேல் தண்ணீரோடு போயிருந்தது.

அண்ணனின் கணக்கையும் கேட்டு வாங்கினேன். காலி 1 மாதம், பெயிண்ட் 1, ரிப்பேர் 3, வரி வகையறா 5. ஆக 10. மிச்சம் 38. வருடத்துக்கு ஒன்பதரை, 180-க்கு 5.3 சதவீதம். அவரும் காகிதத்தில் போட்ட 6.7-ஐத் தொடவில்லை, யாரும் தொடுவதில்லை. ஆனால் அவர் கணக்கில் ஓட்டை சின்னது.

காலியாகக் கிடப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாதம் காலி என்றால் அந்த வருட வருமானத்தில் 8.3 சதவீதம் போச்சு. கடன் வாங்கி வாங்கியிருந்தால், தவணை மட்டும் விடுமுறை எடுப்பதில்லை. இரண்டாவதாக வந்த குடும்பம், வாடகையை 5 சதவீதம் குறைத்தால் இன்னும் ஒரு வருடம் இருக்கிறோம் என்று கேட்டது. மாட்டேன் என்று விறைப்பாக நின்றேன். அவர்கள் கேட்டது வருடத்தில் 18 நாள் வாடகை. அவர்கள் போன பிறகு வீடு காலியாக இருந்தது இரண்டு மாதம். இதில் யார் புலி?

இன்னொன்று மெதுவாகத்தான் புரிந்தது. வீட்டு மதிப்பில் வருடத்துக்கு 1 சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கி வை என்று ஒரு பொது விதி சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் குழாய்க்கு வீட்டின் விலை தெரியாது. அடைத்துக்கொண்ட சிங்க்கைச் சரிசெய்ய பிளம்பர் கேட்கும் கூலி, அண்ணன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒன்றுதான். அவர் வாடகையில் அது இரண்டு நாள், என் வாடகையில் மூன்று நாள். மலிவான வீட்டில் ரிப்பேரும் மலிவாக இருக்கும் என்று நாம் பாட்டுக்கு நினைத்துக்கொள்கிறோம். பழைய வீட்டில் ரிப்பேர் அடிக்கடி வரும், வரும்போது வாடகையில் பெரிய துண்டாகவும் எடுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் இடி.

"விலை ஏறுமே, அதைச் சேர்க்கவில்லையே" என்று கேட்பீர்கள். ஏறட்டும். ஏறுவது மண்ணின் விலை. மேலே நிற்கும் கட்டடம் வருடா வருடம் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். விற்கும் அன்றைக்கு அந்தக் கதையைப் பேசிக்கொள்ளலாம்.

வாசலில் ஒரு துண்டு

கீழ் வீட்டுக்காரர் போன் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் படுக்கையறைக் கூரையின் மூலையில் ஒரு தட்டு அகலத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, கொப்புளம் போல் தொங்கியது. விரலால் அழுத்தினேன். பொலபொலவென்று உதிர்ந்தது, அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஓரிடத்தில் பழுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டைத்தான் பயத்தோடு பார்த்தேன். துரு பிடித்த கம்பி சும்மா இருக்காது. இரும்பு துருவாகும்போது பழைய அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். அந்தப் பருமன் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கும். சொட்டு நீர் கூரையைப் பெயர்ப்பது இப்படித்தான்.

மேலே என் வீட்டுக்குப் போனேன். குடியிருந்த அம்மா கதவைத் திறந்தார். பாத்ரூமைப் பார்க்கணும் என்றேன். படுக்கையறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு துண்டு. குளியலறைக் கதவுக்கு வெளியே, நிலைவாசலை ஒட்டி, கயிறு போல் இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையும் மூலையில் சொருகி, கச்சிதமாக வைத்திருந்தார்கள். தினமும் வைத்து எடுத்துப் பழகிய கைக்குத்தான் அந்தக் கச்சிதம் வரும். எடுத்தேன், கனத்தது. பால்கனிக் கொடியில் அதே நீளத்தில் இன்னொரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று வேலையில், ஒன்று ஓய்வில்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"நாங்க வந்த ரெண்டாவது மாசத்துல இருந்தே தண்ணி வெளிய வரும் சார்."

அவர்கள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாக, எனக்குத்தான் ஏதோ சமாதானம் சொல்வதுபோல் சொன்னார்: "வாடகை வீடுதானே சார், இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

அங்கே நின்றபடி ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று ஞாபகம் இல்லை. மூன்றரை வருடத்துக்கு முன்பு நான் விட்ட 'தானே' இவர் வாய் வழியாக எனக்கே திரும்பி வந்திருந்தது. நான் மேஸ்திரியிடம் சொன்னது இவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அந்த வீடே சொல்லியிருக்கிறது. வந்த முதல் நாள் கதவுப் பிடி ஆடியிருக்கும். சிங்க் குழாயை இறுக்கி மூடினாலும் சொட்டியிருக்கும். ஜன்னல் கொக்கி ஓட்டையில் சேராமல் நின்றிருக்கும். இங்கே ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு முறை சொன்னால் போதாதா? அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எதிர்பார்ப்பதை நிறுத்தியதும் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். வாடகையை ஏற்றிவிடுவேனோ என்ற பயமும் இருந்ததாக அவர் கணவர் பிறகு பாதி வாக்கியத்தில் சொல்லி நிறுத்தினார்.

"ஒரு போன்கூடப் பண்ண மாட்டாங்க" என்று நான் அண்ணனிடம் பீற்றிக்கொண்டது இதைத்தான். அவர் வீட்டில் குடியிருந்தவர்கள் மாதம் ஒரு முறையாவது கூப்பிடுவார்களாம். சுவிட்ச் சூடாகிறது, ஜன்னல் ரப்பர் பிய்ந்துவிட்டது என்று. "தொல்லைடா" என்று அலுத்துக்கொள்வார். அந்தத் தொல்லைதான் அவர் ரிப்பேர் செலவை நான்கு வருடத்தில் 3 மாதத்தில் நிறுத்தியது. நல்ல நிலையில் உள்ள வீட்டுக்கு வருகிறவர், ஏதாவது கெட்டால் அது கெட்டிருக்கிறது என்று உடனே கண்டுபிடிக்கிறார். எல்லாமே கொஞ்சம் கெட்டிருக்கும் வீட்டில் புதிதாகக் கெட்டது எது என்று யாருக்குத் தெரியும்? தரத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி, நமக்கு நேரத்தோடு தகவல் வருவதற்குக் கொடுக்கும் காசு. இதை எந்தக் கணக்குச் சீட்டிலும் நான் எழுதியதில்லை.

உடைத்தபோது எல்லாம் தெரிந்தது. பழைய டைல்ஸின் மேல் ஒரு சென்டிமீட்டர் புது டைல்ஸ், அதற்கடியில் பசை அரை சென்டிமீட்டர். தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. படுக்கையறையைவிடக் குளியலறைத் தரை பள்ளமாக இருப்பது தண்ணீர் வெளியே வராமல் இருக்கத்தான். அந்தப் பள்ளத்தில் முக்கால்வாசியை என் சிக்கனம் மூடிவிட்டது. பழைய தரைக்கே வாட்டம் சரியில்லை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வடிகால் பக்கம் சரிய வேண்டும். இது கதவுப் பக்கம் சரிந்தது. ரசமட்டத்தில் குமிழி ஓடியதை அன்றைக்கு மேஸ்திரி பார்த்தது இதைத்தான். நான் குனிந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். வடிகால் குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டு அடுக்கு டைல்ஸுக்கும் கீழே மணல் கறுத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. அந்த நாற்றத்தை எழுத எனக்கு வராது. சுவருக்குள் இருந்த பழைய இரும்புக் குழாயின் முழங்கை, மரை இருக்கும் இடத்தில் துருவேறி, ரென்ச் வைத்ததும் பொடியாக உதிர்ந்தது.

வேலை செய்தது அதே மேஸ்திரிதான். "அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இரண்டு பூச்சு அடித்து, சுவரிலும் ஓர் அடிக்கு மேல் ஏற்றி, காய்ந்ததும், "இந்தத் தடவை தண்ணி கட்டிப் பார்த்துடலாமா சார்?" என்று மட்டும் கேட்டார். வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டோம். நீர்மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். 48 மணி நேரம். நடுவில் நான்கு முறை போய் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தேன். கீழ் வீட்டுக்குப் போய் ஏணி போட்டுக் கூரையைத் தடவினேன். காய்ந்திருந்தது.

ஒரே குளியலறை உள்ள வீடு. இவ்வளவு நாள் வேலை நடந்தால் ஒரு குடும்பம் எப்படி இருக்க முடியும்? அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மா வீட்டைப் பெருக்கித் துடைத்திருந்தார்.

உளி போகும் இடம்

இதைப் படித்துவிட்டு, நல்லதாகவே வாங்கு, விலையைப் பார்க்காதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனின் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அந்த 180-இல் 14 மாத வாடகை, வாங்கிய பிறகு அவர் செய்த அலங்காரம். ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மறைந்து எரியும் விளக்கு, சமையல் மேடைக்குப் பளபளவென்று ஒரு கல், கண்ணாடித் தடுப்பு. வாடகை ஏறியதா? ஒரு நயா பைசா ஏறவில்லை. அந்தத் தெருவில் அந்த அளவு வீட்டுக்கு என்ன வாடகையோ அதைத்தான் வந்தவர்கள் கொடுத்தார்கள். விளக்கைப் பார்த்து "சூப்பர்" என்றார்கள், பழைய வாடகைக்கே கையெழுத்துப் போட்டார்கள். அந்த 14 இல்லாமல் 166-லேயே நின்றிருந்தால் அவருக்கு 5.7 சதவீதம் வந்திருக்கும். அவர் வீட்டைக் காப்பாற்றியது முன்பே யாரோ சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒழுங்காகச் செய்துவைத்த வேலை. அதை அவர் பார்த்ததுகூடக் கிடையாது.

ஆக, தரம் என்று ஒரே சொல்லால் நாம் சொல்வதில் வேறு வேறு சரக்குகள் கலந்து கிடக்கின்றன. குடிவருகிறவர் காசு கொடுக்கத் தயாராக இருக்கும் தரம் ஒன்று: வெளிச்சம், காற்று, நல்ல அழுத்தத்தில் தண்ணீர், அலமாரி இடம். அவர் கண்ணில் படாமல் நம் செலவைத் தடுக்கும் தரம் இன்னொன்று. மூன்றாவது, சொந்தக்காரர் நின்று ரசிப்பதற்கான தரம். மூன்றாவதில்தான் காசு வேகமாகப் போகும், ஏனென்றால் அதில்தான் ஆசை இருக்கிறது. நமக்கு நாமே கட்டிக்கொள்ளாத வீட்டை அங்கே கட்டிப் பார்க்கிறோம்.

இப்போது நான் ஒரு பொருளைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: இதை மாற்ற ஸ்க்ரூடிரைவர் போதுமா, உளி வேண்டுமா? உளி வேண்டும் என்றால் பேரம் பேசுவதில்லை. சுவருக்குள் போகும் குழாய், வயர், குளியலறைத் தரை, மொட்டைமாடித் தளம். ஸ்க்ரூடிரைவர் போதும் என்றால் நடுத்தரமானதே போதும். திரைச்சீலைக் கம்பி, விளக்கு, அலமாரிப் பிடி. பெயிண்டிலும் உயர்ரகம் தேவையில்லை. எல்லா அறைக்கும் ஒரே நிறம் அடித்து, அதன் எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை அழுக்கான சுவரை மட்டும் அடித்தால் ஒட்டிப் போகும். இந்த ஓர் எழுத்து வேலை எனக்கு ஒரு மாத வாடகையை மிச்சப்படுத்தியது.

இந்த விதிக்குள் அடங்காதது குழாய். ஸ்க்ரூடிரைவர் சாமான்தான், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறோம்! பித்தளை உடல் உள்ளதும், துத்தநாகக் கலவையை வார்த்து மேலே குரோம் பூசியதும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி மின்னும். கையில் எடுத்தால் பித்தளை கனக்கும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் என் வாடகையில் ஒரு நாள்கூட இல்லை. மலிவானதை வாங்கினேன், இரண்டு வருடத்தில் மூன்று முறை பிளம்பர் வந்தார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். கதவுக் கீலிலும் இதே கதைதான். 304 என்ற ரக ஸ்டீலில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், ஈரம் தாங்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், குளியலறையில் சீக்கிரம் துரு காட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். 202-லும் பெரும்பாலும் ஒட்டாது. வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

மின்சாரத்தை இந்தக் கணக்குக்குள்ளேயே கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் அந்த வீட்டில் இல்லை. அதுவும் நான்தான் 'தானே' போட்டு விட்டது. ஈரத் தரை, பழைய ஹீட்டர், அந்த வீட்டில் ஓடித் திரிந்த இரண்டு குழந்தைகள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு ஒரு மாதிரி ஆகிறது. இதை எத்தனை நாள் வாடகை என்று பெருக்கிப் பார்ப்பது அசிங்கம். முதல் வேலையாக மாட்டினேன்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, உளியாலும் மாற்ற முடியாதவை. கட்டடத்தின் பொதுக் குழாய்கள், மாடித் தளம், பால்கனி அடிப்பகுதியில் எட்டிப் பார்க்கும் கம்பி. இவற்றைச் சரிசெய்ய எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதித்துக் காசு போட வேண்டும். நீங்கள் உள்ளே எவ்வளவு இழைத்து வைத்தாலும், மேல் வீட்டுக்காரர் ஒரு 'தானே' போட்டால் உங்கள் கூரை பொரியும். நான் மேல் வீட்டுக்காரனாக இருந்து சொல்கிறேன், நம்பலாம். அப்புறம், பார்க்கப் போகும் வீட்டில் ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை வந்தால், அந்த மூலையை மழை நாளில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். விலை குறைவாக இருப்பதற்கான காரணத்தை விற்கிறவர் ஏற்கெனவே கணக்குப் போட்டுக் கழித்திருப்பார். நமக்குத் தெரியாத காரணம் என்றால் அது நம் தலையில்தான் விடியும். காரணம் தெரிந்து, அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் தெரிந்து, அதற்குப் பிறகும் மலிவாக இருந்தால் வாங்கலாம். நான் அடுத்ததாக ஒன்று வாங்கினால் அதுவும் பழைய வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

புதுக் குடும்பம் வந்து இரண்டு வாரம் இருக்கும். இரவு ஒன்பதரை மணிக்குப் போன். "சார், கிச்சன் குழாய் லேசா சொட்டுது." எனக்கு எரிச்சல் வந்தது, மறைப்பானேன். நல்ல குழாய், கனமான பித்தளை, பார்த்துப் பார்த்து வாங்கியது. ஒரு சொட்டுதானே, காலையில் பார்த்துக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். கழற்றினால், உள்ளே பீங்கான் தகட்டுக்கு நடுவில் கடுகளவு சிமென்ட் துகள் மாட்டியிருந்தது; குளியலறை வேலையின் மிச்சம். கழுவி மாட்டினேன். அவர்கள் வீட்டுக் குழந்தை ஸ்டூல் மேல் ஏறிக் குழாயை நான்கு முறை திறந்து மூடிப் பார்த்தது. திரும்பும்போது படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. குளியலறை வாசலில் ஒரு மிதியடி கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அடுத்தவர் வீட்டில் அது நன்றாக இருக்காது என்று வந்துவிட்டேன்.